ஞானவேலு யாருக்கு மேல் ஏலம் கேட்டான்

பேய், பிசாசு, செய்வினை, ஏவல் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னைப் பார்க்கப் போகிற பார்வை எனக்குத் தெரியும். என் மாமியார் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தால், இதில் பாதியைச் சாம்பாரில் போட்டிருக்கலாமே என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பொழுது விடிந்தால் ஆதார் கார்டும் ஜாதிச் சான்றிதழும் நகல் எடுக்கவே நேரம் சரியாக இருக்கிறவளுக்கு ஆவியோடு என்ன பேச்சு? இன்னொன்று, இந்த மாதிரிக் கதையெல்லாம் நடுராத்திரியில்தான் நடக்கும் என்பார்கள். எனக்கு நடந்தது உச்சி வெயிலில், சுற்றிலும் ஜனங்கள் தொன்னையில் பொங்கல் வாங்கித் தின்றுகொண்டிருந்தபோது. நம்பினால் நம்புங்கள்.

என் வீட்டுக்காரர் சேகர் லைன்மேன். கம்பத்தில் ஏறாத நேரமெல்லாம் அவருக்குப் பழைய கைக்கடிகாரப் பைத்தியம். பாட்டரி வாட்ச்சைத் தொடக்கூட மாட்டார், தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும் அந்தக் காலத்து வாட்ச்தான் வேண்டும். அடகுக் கடையில் மூழ்கிப்போன பொருளை ஏலம் விடுவார்கள் இல்லையா, அங்கே எல்லாரும் நகைக்கு முட்டி மோதிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஓரத்தில் கிடக்கிற வாட்ச்சுக்காக நிற்பார். திருக்கோவிலூர், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, எங்கே ஏலம் என்றாலும் பைக்கை எடுத்துவிடுவார். ஒரு தகரப்பெட்டி நிறையச் சேர்த்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்பார், அப்புறம் என் காதிலும் வைப்பார்.

"இது பேசுது பாரு வசந்தா."

"சம்பளத்தைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க" என்பேன் நான்.

அதில் ஒரு சுவிஸ் வாட்ச் மட்டும் அவர் கையை விட்டு இறங்காது. நொடி முள் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று என் நெயில் பாலிஷை எடுத்து அந்த முள்ளுக்குச் சிவப்புப் பூசி வைத்திருந்தார். ஆயிரக்கணக்கில் விலைபோகிற பொருளை இப்படிக் கெடுத்துவிட்டானே என்று அவருடைய சிநேகிதன் ஞானவேலு தலையில் அடித்துக்கொள்வான். பின்பக்க மூடியில் தன் பெயரையும் வெட்டி வைத்திருந்தார்.

இந்த ஞானவேலுவைப் பற்றிச் சொல்லவேண்டும். எல்லா ஏலத்திலும் சேகருக்குப் பக்கத்தில் நின்றவன். எங்கள் வீட்டில் கை நனைத்தவன். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். சேகர் மாரடைப்பில் போனபோது பாடை கட்டியதும் அவன்தான், அதை நான் மறுக்கமாட்டேன். கருமாதி அன்றைக்கு, நான் மூலையில் சுருண்டு கிடக்கிறேன், வந்து குனிந்து சொன்னான்.

"தங்கச்சி, வாட்ச்சுங்களை அப்படியே போட்டு வச்சா துரு ஏறிடும். எண்ணெய் போட்டு எடுத்துக்கினு வந்து குடுத்துடறேன்."

நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் வீட்டையே கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன். பெட்டியோடு சேர்த்து, அலமாரியில் இருந்த அந்தச் சுவிஸ் வாட்ச்சையும் எடுத்துக்கொண்டு போனான். ஒரு மாதம் பொறுத்துப் போய்க் கேட்டேன்.

"இன்னா பொட்டி? எந்தப் பொட்டி தங்கச்சி? நீ ஏதோ துக்கத்துல பேசிக்கினு இருக்கற."

பெண்சாதி பிள்ளைக்கு எதிரில், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னான். போலீசிலும் அதையே சொன்னான், அப்படி ஒரு வாட்ச்சே சேகரிடம் இருந்ததில்லை என்று. பில் இருக்கிறதா என்று என்னைத்தான் கேட்டார்கள். ஏலத்தில் எடுத்த வாட்ச்சுக்கு யார் பில் கொடுக்கிறார்கள்? அடுத்த வருஷம் ஞானவேலு புதுக் கடை திறந்தான். கண்ணாடி அலமாரியில் பழைய வாட்ச்சாக அடுக்கி, உள்ளே லைட் போட்டு.

நான் அழுதுகொண்டு உட்காருகிற ரகம் இல்லை. ஒரு வேலை செய்தேன். அவன் போகிற ஏலத்துக்கெல்லாம் நானும் போனேன். அவன் எந்த வாட்ச்சைக் கேட்கிறானோ அதை நானும் கேட்பேன். ஏற்றி ஏற்றி, அவன் வயிறு எரிகிற விலை வந்ததும் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவேன். அரை விலை பெறாத பொருளை முழு விலைக்கு மேலே கொடுத்து எடுத்துக்கொண்டு அவன் என்னை முறைப்பான் பாருங்கள், அந்த ராத்திரி மட்டும் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். மூன்று வருஷம் இதே வேலையாக இருந்தேன். நீ நாசமாய்ப் போகணும், உன் கை விளங்காமல் போகணும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் ஒவ்வொரு ஏலமும் கேட்பேன். ஆனால் ஒரு கோயிலிலும் போய் வேண்டிக்கொள்ளவில்லை. அதில்தான் நமக்கு நம்பிக்கை இல்லையே.

இப்படி இருக்கும்போது, பழைய வாட்ச் வாங்கி விற்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி உள்ளே ஒரு ஊர். ஊர்ப் பேரும் சாமி பேரும் வேண்டாம், சொன்னால் நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள். அந்தச் சாமிக்கு வருஷம் முழுக்க வந்த காணிக்கையைத் திருவிழா அன்றைக்கு ஏலம் விடுவார்கள். ஆடு, கோழி, சாமை மூட்டை, தேன், பித்தளைக் குடம். அந்தக் குவியலில் ஒரு வாட்ச். நொடி முள் சிவப்பு.

ஜெராக்ஸ் மிஷினைப் பாதியில் நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாட்ச் என் கைக்கு வந்தால், மூடியில் இருக்கிற பேரைக் காட்டி, அவன் சொன்னது அத்தனையும் பொய் என்று சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். அந்தப் போட்டோவை அவனும் பார்த்திருப்பான், அந்தப் பேர் என் கைக்குச் சிக்காமல் இருக்க ஓடிவருவான் என்பதும் உடனே புரிந்தது. கழுத்தில் இருந்த செயினைக் கழற்றி அடகு வைத்துவிட்டு, கச்சிராயபாளையம் போய் மலை பஸ் பிடித்தேன்.

நான் போய்ச் சேரும்போது ஞானவேலுவின் கார் அங்கே நிற்கிறது.

அந்த ஊர் ஏலத்தில் ஒரு வழக்கம். முதலில் சாமி ஏலம் கேட்கும். அதாவது, ஊர்க் கவுண்டர் (அங்கே ஊர்த் தலைவரை அப்படித்தான் சொல்வார்கள்) பொருளைச் சாமிக்கு முன்னால் இருக்கிற கல்லின் மேல் வைத்து, கற்பூரம் கொளுத்தி, "சாமி ஒரு ரூபா கேக்குது" என்பார். அதற்கு மேல்தான் மனுஷர்கள் கேட்கவேண்டும். யாரும் கேட்காவிட்டால் பொருள் சாமிக்கே போய்விடும். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும். அந்த வாசலில் நின்று கேட்ட விலையைத் திரும்ப வாங்கமுடியாது. அவ்வளவுதான் சட்டம்.

கவுண்டர் வயதானவர், தோளில் ஒரு துண்டு, சத்தம் போட்டுப் பேசாத ஆள். வாட்ச் எப்படி வந்தது என்று அவரிடம் கேட்டேன்.

"களமருதூர்க்காரர் ஒருத்தர் போட்டுட்டுப் போனாரும்மா. ஏதோ பழைய வாட்ச்சுக் கடையில வெலைக்கு வாங்கினதாம். கையில கட்டுனா யாரோ புடிச்சு இழுக்கறாப்ல இருக்குதாம். எனக்கு வேணாம், சாமி வச்சிக்கட்டும்னு சொல்லிட்டாரு."

நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வார் இறுக்கமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாட்ச் முறை வந்ததும் ஞானவேலு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். என்னைப் பார்த்தான். மூன்று வருஷ எரிச்சலும் முகத்தில் தெரிந்தது. கற்பூரம் கொளுத்துவதற்கு முன்பே கையைத் தூக்கினான்.

"பெரியவரே, நேரத்தை வீணாக்காதீங்க. இதுக்கு யார் இன்னா கேட்டாலும், அதுக்கு மேல நானு. முடிச்சி வுடுங்க."

கவுண்டர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க. இங்க மொதல்ல கேக்கறது சாமி."

"சாமி கேட்டாலும் அதுக்கு மேலதான் நானு" என்று அவன் சிரித்தான். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். மலைக்காரர்கள் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. பொங்கல் தின்றுகொண்டிருந்த ஒரு அம்மா தொன்னையைக் கீழே வைத்துவிட்டாள்.

கவுண்டர் கற்பூரத்தைக் கொளுத்தினார். சாமி ஒரு ரூபாய் கேட்டது. நான் கேட்டேன், அவன் மேலே போனான். நான் கேட்டேன், அவன் மேலே போனான். இந்தத் தடவை நான் ஏற்றிவிட்டு ஒதுங்குவதற்காகக் கேட்கவில்லை, உயிரைக் கொடுத்துக் கேட்டேன். செயின் காசு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அதற்கும் மேலே அவன் ஆயிரம் ரூபாய் சேர்த்துச் சொன்னதும் என் வாய் அடைத்துவிட்டது. அழக்கூடாது, இவன் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு தரம்" என்றார் கவுண்டர். ஞானவேலு மீசையைத் தடவிக்கொண்டான். "ரெண்டு தரம்."

அப்போது ஞானவேலு சட்டென்று பின்பக்கம் திரும்பினான். அங்கே ஒரு புளியமரம். அடியில் ஏலத்துக்கு வந்த ஆடு ஒன்று கட்டியிருந்தது. வேறு யாரும் இல்லை. அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு ஆயிரம் ஏற்றிச் சொன்னான்.

"கடைசியாக் கேட்டது நீங்கதான். உங்களுக்கு மேல நீங்களே எதுக்கு ஏத்தறீங்க?" என்றார் கவுண்டர்.

"அவன் கேக்கறான் இல்ல" என்றான் ஞானவேலு. மறுபடியும் ஏற்றினான்.

ஜனங்கள் சிரித்தார்கள். குடித்திருக்கிறான் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஆனால் அவன் நிறுத்தவில்லை. ஒருத்தர் விலை சொல்லிக் கேட்டு முடிக்கிற அளவுக்கு நிறுத்துவான், அப்புறம் மேலே சொல்வான். நிறுத்துவான், சொல்வான். முகத்தில் வேர்வை கொட்டுகிறது. சிரித்தவர்களும் அடங்கிப்போனார்கள்.

"டேய் சேகரு, வுட்டுடுடா. நீ செத்துட்டடா" என்றான்.

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பேரை நான் என் காதால் கேட்டேன். அங்கே இருந்த ஒருத்தருக்கும் சேகர் யார் என்று தெரியாது. கையில் இருந்த பையைப் போட்டுவிட்டுப் புளியமரத்தடிக்கு ஓடினேன். ஆடு என்னைப் பார்த்துக் கத்தியது. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. காற்றுகூட இல்லை. மூன்று வருஷமாக அந்தக் குரலை ஒரு தடவை கேட்க மாட்டோமா என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தவள் நான். கட்டினவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது, திருடினவனிடம் பேச்சு ஓயவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஞானவேலு மேல் மட்டும் இல்லை, சேகர் மேலேயும்தான்.

நான் அங்கே நிற்கும்போதே அவன் எல்லாவற்றையும் கொட்ட ஆரம்பித்துவிட்டான். பெட்டியை எடுத்தது நான்தான், சிலது சேலத்தில் விற்றுவிட்டேன், மீதி வீட்டுப் பரணில் இருக்கிறது, எடுத்துக்கோ, வாயை மூடு என்று ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினான். அதற்கு அப்புறமும் அவன் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை என்று சொல்லவேண்டும். கையில் இருந்த காசைத் தாண்டிக் காரைச் சொன்னான். கடையைச் சொன்னான். குடியிருக்கிற வீட்டைச் சொன்னான். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும், இடது கையைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கையிடா" என்றான்.

உடனே விழுந்தான். தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். இடது கை மட்டும் ஈரத்துணி மாதிரித் தொங்கியது.

டாக்டர் பக்கவாதம் என்றார். வெயில், ரத்தக் கொதிப்பு, பதற்றம், நரம்பு என்று காரணமும் சொன்னார். நானும் அதைத்தான் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டவரால் கட்ட முடியாவிட்டால் அவருக்கு முன்னால் கேட்டவருக்குப் பொருள் போகும் என்பது அந்த ஊர் முறை. செயின் காசை வாங்கிக்கொண்டு வாட்ச்சைக் கவுண்டர் என் கையில் கொடுத்தார். சேகர் பேர் மூடியில் அப்படியே இருந்தது. சாவி கொடுத்துக் காதில் வைத்தேன். வெறும் டிக் டிக். நான் கிளம்பும்போது கவுண்டர் கூடவே பஸ் வரைக்கும் வந்தார்.

"தாயி, மனத்தாங்கல் உன்னுது. என்னிக்கு ஆறுதோ அன்னிக்கு வந்து, இந்த வாசல்ல நின்னு போதும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடு. அதுவரைக்கும் அந்த ஆளுக்கு ஏலம் முடியாது."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மலைக்காரர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஞானவேலுவின் பெண்சாதி மல்லிகா என் கடைக்கு வந்தாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. சேகரின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சேலத்தில் விற்றதையும் எப்படியோ திரும்ப வாங்கி உள்ளே வைத்திருந்தாள். பெட்டியை மிஷின் மேல் வைத்துவிட்டு என் காலைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, இன்னும் கேட்டுக்கினுதான் இருக்காரு. மத்தியானம் ஆனா ஆரம்பிச்சிடறாரு. வூட்டச் சொல்லிட்டாரு, நெலத்தச் சொல்லிட்டாரு, ஒண்ணும் பாக்கி இல்ல. நேத்து எம் பொண்ணு பேரச் சொல்ல வாயத் தொறந்தாருக்கா. நான் வாயப் பொத்திட்டேன். தெனம் என்னால பொத்த முடியுமா?"

பிள்ளையைச் சொன்னதும் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க வந்து கேக்கறத நிறுத்துனா போதும்க்கா."

"நான் எங்கம்மா வந்தேன்?"

"மறைக்காதீங்க. ஜன்னலுக்குப் பின்னால வந்து நின்னுக்கினு தெனம் வெல சொல்றீங்களே. அவருக்குத்தான் செத்துப்போன அண்ணன் கொரலாக் கேக்குது. எனக்கும் எம் பொண்ணுக்கும் உங்க கொரல்தான் கேக்குது. நான் ஓடிவந்து பாக்கறதுக்குள்ள போயிடறீங்க."

நான் அவர்கள் வீட்டுத் தெருவுக்குப் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. மத்தியானத்தில் நான் கடையை விட்டு நகர்வதே இல்லை, பக்கத்து டீக்கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். மல்லிகாவிடமும் அதைத்தான் சொல்லி அனுப்பினேன். நம்பாமல்தான் போனாள்.

போதும் என்று சொல்ல மலைக்குப் போகலாம் என்று இரண்டு தடவை கிளம்பினேன். கச்சிராயபாளையம் வரை போய், மலை பஸ் வந்து நின்றதும், "இன்னா பொட்டி, எந்தப் பொட்டி" என்று அவன் கண்ணைச் சிமிட்டாமல் கேட்டது ஞாபகம் வரும். திரும்பி வந்துவிடுவேன். மனசு ஆறவில்லை என்றால் ஆறவில்லைதான், பொய்யாகப் போய்ப் போதும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. அந்தப் பெண் குழந்தையை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

நீங்கள் வந்ததிலிருந்து என் குரலைக் கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள், தெரிகிறது. சளி எல்லாம் இல்லை. டாக்டரிடம் காட்டினேன், சத்தம் போட்டுப் பேசுவதைக் குறையுங்கள் என்றார். கடையில் நான் யாரிடம் சத்தம் போடுகிறேன்? காலையில் நன்றாகத்தான் இருக்கிறது. மத்தியானம் தாண்டினால் போதும், பொழுதெல்லாம் கத்தினவள் மாதிரி தொண்டை கட்டிக்கொள்கிறது.